வேலை இங்கிலீஷ்ல, வீடு ஜெர்மன்ல: மொழி தெரியாம ஜெர்மனிக்குக் கிளம்பலாமா?

#1 கொங்கு_கன்ட்ரோல்ஸ்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர்ல 12 வருஷமா பி.எல்.சி. (மெஷினை ஓட்டற கன்ட்ரோலர்) ஆட்டோமேஷன் வேலை பாக்கறேன். ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல, மெஷின் செய்யற கம்பெனியில ஆஃபர் வந்திருக்குதுங்க. ப்ளூ கார்டு விசா, படிச்சவங்களுக்குக் குடுக்கற வேலை விசாங்க. கிளம்ப இன்னும் மூணு மாசம் இருக்குது. வீட்டுக்காரி பி.காம்., இங்க ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தாங்க. பாப்பாவுக்கு ஆறு வயசு.

இன்டர்வியூ மொத்தமும் இங்கிலீஷ்லதான். "ஆபீஸ் மொழி இங்கிலீஷ், கவலைப்படாதீங்க"ன்னு எச்.ஆர். சொல்லிட்டாங்க. எனக்கு ஜெர்மன்ல ஒரு வார்த்தை தெரியாது. இந்த மூணு மாசத்துல ஏ1, அதாவது முதல் நிலை, முடிக்க முடியுமா, இல்ல அங்க போய்ப் படிச்சுக்கலாமா? வீட்டுக்காரியும் இப்பவே படிக்கணுமா? அங்க இருக்கறவங்க உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

#2 பெர்லின்_தமிழன்

முதல்ல வாழ்த்துகள். ப்ளூ கார்டுக்கு ஜெர்மன் சான்றிதழ் தேவையே இல்லை. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கும் ஏ1 கட்டாயம் இல்லை. அதனால் விசாவைப் பொறுத்தவரை நிம்மதியாக இருங்கள்.

நான் பெர்லினில் சாஃப்ட்வேர் வேலையில் ஐந்து வருஷமாக இருக்கிறேன். டீமில் பதினோரு நாட்டுக்காரர்கள், எல்லாம் இங்கிலீஷ்தான். முடிவெட்டுகிற கடை, பல் டாக்டர், ஜிம், எல்லா இடத்திலும் இங்கிலீஷ் பேசுகிற ஆள் கிடைக்கிறார். கடிதம் வந்தால் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்கிறேன். இந்த மூணு மாசத்தில் வீடு காலி பண்ணுவது, பள்ளிக்கூட டிசி, சான்றிதழ்கள் என்று ஆயிரம் வேலை இருக்கும். ஏ1 படித்து அங்கே பெரிதாக எதுவும் பேசிவிட முடியாது. மொழி வரட்டும், அப்புறம் போகலாம் என்று உட்கார்ந்திருந்தால் ஆஃபர் காத்திருக்காது. முதலில் வாருங்கள்.

#3 மியூனிக்_அம்மா

பெர்லின் தம்பி சொல்றது பெர்லினுக்குச் சரி. இவர் போறது ஸ்டுட்கார்ட் பக்கத்துச் சின்ன ஊர். அதோட தம்பி சொன்ன அத்தனை இடமும் சம்பளம் வாங்குற ஒருத்தர் தனியா நடமாடுற இடங்கள். எச்.ஆர். ஆபீஸ் மொழியைத்தான் சொன்னாங்க. வீட்டுக்கு எந்த மொழின்னு யாரும் சொல்றதில்ல.

நான் 2018ல டிபென்டென்ட் விசாவில் வந்தேன். கணவருக்குக் காலையில எட்டு மணிக்கு இங்கிலீஷ் உலகம் திறந்துடும். எனக்கு அந்த நேரத்துல ஜெர்மன் உலகம் திறக்கும். தபால் பெட்டி, குழந்தையோட கிரெஷ், குழந்தை டாக்டர், மேல் வீட்டுப் பாட்டி, தண்ணி மீட்டர் பாக்க வர்ற ஆள், எல்லாமே என் பக்கம். எம்.எஸ்சி. முடிச்சவ நான். ஒரு டாக்டர் கிளினிக்குக்கு போன் பண்ணி "குழந்தைக்கு ரெண்டு நாளா காய்ச்சல்"னு சொல்றதுக்கு முன்னாடி பேப்பர்ல எழுதி, கண்ணாடி முன்னாடி நின்னு பத்துத் தடவை சொல்லிப் பாத்திருக்கேன். நான் சொன்னது அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சுது. அவ திருப்பிக் கேட்டது எனக்குப் புரியல. போனை வச்சுட்டு அழுதேன்.

நேரம் சொல்றதுலயும் ஒரு பள்ளம் இருக்கு. "ஹால்ப் திரை"ன்னா அரை மூணு. அதாவது ரெண்டரை. நான் மூணரைன்னு நெனச்சுப் போய் நின்னேன். ஒண்ணரை மாசம் காத்திருந்து கிடைச்ச டெர்மின் போச்சு. டெர்மின்னா அப்பாயின்ட்மென்ட், இந்த நாட்டுல அது இல்லாம எதுவும் நடக்காது.

அதனால தம்பி, உங்க வீட்டுக்காரி "படிக்கணுமா"ன்னு கேக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி அவங்கதான் படிக்கணும்.

#4 கொங்கு_கன்ட்ரோல்ஸ்

அக்கா, நீங்க எழுதினத வீட்டுக்காரிகிட்ட வாசிச்சுக் காட்டினேனுங்க. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "போன் பண்றதுதான் எனக்கும் பயம்"னு சொன்னாங்க. அது எனக்குத் தோணவே இல்லைங்க. கடிதம் பத்தி எல்லாரும் சொல்றீங்க, அப்படி என்ன வரும்?

#5 மியூனிக்_அம்மா

எல்லாமே கடிதம்தான். வீட்டுக்குக் குடிபோன ரெண்டு வாரத்துல ஊராட்சி ஆபீஸ்ல முகவரி பதியணும், ஆன்மெல்டுங்னு பேர். வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட தாள் வேணும். பதிஞ்சதும் வரி எண் தபால்ல வரும். டிவி இருக்கோ இல்லையோ வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம்னு ஒரு கடிதம் வரும், அதை மோசடின்னு கிழிச்சுப் போட்டவங்களை எனக்குத் தெரியும். பாக்கி ஏறிக்கிட்டே போகும். மின்சாரம், இன்சூரன்ஸ், வருஷக் கடைசியில வீட்டுச் செலவுக் கணக்கு.

இதுல மஞ்சள் கவர் வந்தா மட்டும் அன்னைக்கே பிரிங்க. தபால்காரர் கவர் மேல தேதி எழுதிப் போட்டுட்டுப் போவார், அன்னையிலிருந்து கெடு ஓடும். கோர்ட்டிலிருந்து வர்ற பணக் கோரிக்கையா இருந்தா மறுப்புச் சொல்ல ரெண்டே வாரம். எங்க வீட்டுல அப்படி ஒரு கவர் பிரிட்ஜ் மேல பத்து நாள் கிடந்துச்சு. ஒரு செல்போன் கம்பெனிகிட்ட முடிச்சுட்டோம்னு நாங்க நெனச்ச ஒப்பந்தம், முடியவே இல்ல. போன்ல படம் பிடிச்சா வார்த்தை தெரியும், சரிதான். எது அவசரம், எது சும்மான்னு அந்தப் படம் சொல்லாது.

#6 சர்வோ_சிவம்

நான் உங்க தொழில்தான் நண்பா. நீங்க போற அதே பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஒன்பது வருஷமா கமிஷனிங் இன்ஜினியர், அதாவது புது மெஷினை ஆலையில ஓட வச்சுக் குடுக்கறவன். ஆபீஸ் மொழி இங்கிலீஷ்னு சொல்றது பொய் இல்ல. மீட்டிங் இங்கிலீஷ்லதான் இருக்கும். ஆனா மெஷின் ஜெர்மன் பேசும்.

பழைய ப்ரோக்ராமைத் திறங்க. வேரியபிள் பேர், கமென்ட் எல்லாம் ஜெர்மன்ல இருக்கும். ஸ்டோருங்னா ஃபால்ட். ஃபிரைகாபேன்னா எனேபிள். ஃபோர், ட்ஸுரூக்னா சிலிண்டர் முன்னால, பின்னால. சீமென்ஸோட ஸ்டெப் 7 ப்ரோக்ராமிங் சாஃப்ட்வேர்ல ஜெர்மன் குறியீடுன்னு தனியா இருக்கு. நாம ஊர்ல இன்புட்டுக்கு ஐ, அவுட்புட்டுக்கு க்யூ போட்டுப் பழகினோம். அங்க இன்புட் ஈ, அவுட்புட் ஏ. வரி வரியா எழுதற நம்ம ஸ்டேட்மென்ட் லிஸ்ட் ப்ரோக்ராம்ல 'ஏ' எழுத்துக்கு 'அண்ட்'னு அர்த்தம். அவங்களுக்கு 'அண்ட்' வந்து யூ. ஒரே எழுத்து ரெண்டு இடத்துல ரெண்டு அர்த்தம். முதல் மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கஸ்டமர் ஆலையில இதோட போராடினேன். பக்கத்துல நின்ன ஆபரேட்டருக்கு ஐம்பத்தெட்டு வயசு. அவருக்கு அந்த மெஷினோட ஒவ்வொரு சத்தமும் தெரியும். இங்கிலீஷ் தெரியாது. அவர் சொன்னது மட்டும் எனக்குப் புரிஞ்சிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். விடிய விடிய ஆச்சு.

நோட்-ஹால்ட், அதாவது எமர்ஜென்சி ஸ்டாப். இந்த ஒரு வார்த்தையை விமானம் ஏறுறதுக்கு முன்னாடி மனப்பாடம் பண்ணிடுங்க. பாதுகாப்புப் பயிற்சி முடிஞ்சு கையெழுத்துக் கேப்பாங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லி, புரியற மொழியில சொல்லச் சொல்லிக் கேளுங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

இன்னொண்ணு, மத்தியானச் சாப்பாட்டு மேசை. நீங்க உக்காந்ததும் எல்லாரும் மரியாதையா இங்கிலீஷுக்கு மாறுவாங்க. ரெண்டு நிமிஷம். அப்புறம் யாரோ ஒருத்தர் சிரிப்பா ஒண்ணு சொல்ல, பேச்சு ஜெர்மனுக்குப் போயிடும். தப்பு அவங்க மேல இல்ல, அது அவங்க ஊரு, அவங்க ஓய்வு நேரம். எந்த புராஜெக்ட் யாருக்குப் போகப் போகுதுங்கறது பாதி அந்த மேசையிலதான் முடிவாகுது.

#7 மார்த்தாண்டத்து_நர்ஸ்

மேல பேசுறவங்க எல்லாரும் இன்ஜினியர். எங்க துறையில மொழி இல்லாம உள்ளே கால் வைக்கவே முடியாது. நர்ஸ் படிப்புக்கு அங்கீகாரம் வாங்கணும்னா பி2 கேக்காங்க, அதாவது ஏ1, ஏ2, பி1 தாண்டி நாலாவது நிலை. ஊர்ல பதினாலு மாசம் வேலையை விட்டுட்டுப் படிச்சேன். பேசுறது, எழுதுறது, வாசிக்கிறது மூணும் பாஸ். கேக்குறதுல மட்டும் ரெண்டு தடவ போச்சு. ஒவ்வொரு பகுதியிலயும் 100க்கு 60 வேணும்.

அப்படிப் படிச்சு வந்தும், முதல் நாள் ஷிஃப்ட் மாத்துற நேரம் பதினெட்டு நோயாளிகளப் பத்தி இருபது நிமிஷத்துல சொல்லி முடிச்சாங்க. எனக்கு ஆறு பேர்தான் புரிஞ்சது. நெஞ்சு அடைச்சுப் போச்சு. உடனே "இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னு கேட்டேன். சலிச்சுக்கிட்டாங்க, ஆனா சொன்னாங்க. மருந்து அளவு விஷயத்துல வெக்கப்படக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இங்க எண்ணைத் தலைகீழாத்தான் சொல்லுவாங்க. 54ஐ "நாலும் ஐம்பதும்"னு சொல்லுவாங்க. போன்ல லேப் ரிசல்ட் எழுதும்போது ஒவ்வொரு இலக்கமாத் திருப்பிச் சொல்லி உறுதி பண்ணாம நான் எழுதவே மாட்டேன்.

நீங்க போற பக்கம் ஷ்வேபிஷ்னு வட்டார ஜெர்மன் பேச்சு. அது தனி. ஒரு தாத்தா "ஃபூஸ்" வலிக்குதுன்னார். எங்க புத்தகத்துல ஃபூஸ்னா பாதம். நான் சாக்ஸைக் கழட்டிப் பாதத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன். அவருக்குத் தொடையில வலி. இந்தப் பக்கம் இடுப்புக்குக் கீழ மொத்தமும் ஃபூஸ்தானாம். நம்ம ஊர்ல "கால் வலிக்கி"ன்னா பாதமா தொடையான்னு யாருக்குத் தெரியும்? அதே கதைதான். அப்புறம் அந்தத் தாத்தாவே எனக்கு வாத்தியார் ஆயிட்டார். டெப்பிஹ்னா புத்தகத்துல கார்ப்பெட், அவருக்குப் போர்வை. அவர் இறந்த அன்னைக்கு நான் டூட்டியில இருந்தேன். என்கிட்ட அவர் கடைசியாக் கேட்டது அந்தப் போர்வையைத்தான். கேட்டது எனக்குப் புரிஞ்சுது, எடுத்துப் போத்தி விட்டேன்.

#8 தம்மாம்_கீழக்கரை

ஜெர்மனி எனக்குத் தெரியாது. சவூதியில் 14 வருடம். அங்கே அரபி தெரியாமல் காலம் தள்ளிவிடலாம், சைட்டில் இந்தியும் உருதும் போதும். நானும் தமிழ்நாட்டிலிருந்து போய் இந்தி கற்றேன், அரபி கற்கவில்லை. ஆறாவது வருடம் ஒரு கம்பெனியில் அரபியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். விடுமுறைத் தாள் என்றார்கள். போட்டேன். எனக்கு வரவேண்டிய சேவைக்காலப் பணம் எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று அதில் எழுதியிருந்தது. ஊருக்குப் போகும்போதுதான் தெரிந்தது. அந்தப் பணம் என் தங்கை கல்யாணத்துக்கு வைத்திருந்த கணக்கு.

தம்பி, எந்த நாட்டுக்குப் போனாலும் சரி, கையெழுத்துப் போடும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற அளவுக்காவது மொழி வேண்டும்.

#9 பெர்லின்_தமிழன்

எல்லாரும் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒருவர் நல்ல வேலையை விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. நர்ஸ் வேலைக்கு மொழி கட்டாயம், சரி. இன்ஜினியர் வந்து இறங்கிவிட்டுப் படிக்கலாம். வந்தபின் காதில் விழுந்துகொண்டே இருக்கும், சீக்கிரம் வரும்.

#10 மியூனிக்_அம்மா

காதில் விழுந்தா வந்துடும்னா உங்களுக்கு ஐந்து வருஷத்துல வந்திருக்கணுமே தம்பி. கோவமா சொல்லல. என் கணவருக்கும் வரல. காலையிலிருந்து ராத்திரி வரை இங்கிலீஷ்ல வேலை செஞ்சு களைச்சு வர்றவருக்கு வாரத்துல ரெண்டு சாயங்கால வகுப்புங்கறது மலை. முதல் ஆறு மாசம் ப்ரொபேஷன், ரெண்டு வார நோட்டீஸ்ல வேலையிலிருந்து அனுப்பலாம். அந்த பயத்துல யாரு வகுப்புக்குப் போவாங்க? அதான் கிளம்புறதுக்கு முன்னாடி அடித்தளம் போடச் சொல்றேன்.

நான் அரசாங்கத்தோட ஒருங்கிணைப்பு வகுப்புல சேர்ந்தேன். 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டு நடப்பு. குடும்ப விசாவில் முதல் தடவையா வர்றவங்களுக்கு அதில் சேர உரிமை இருக்கு. கூடப் படிச்சவங்க சிரியா, எரித்ரியா, வியட்நாம். எங்க எல்லாருக்கும் பொதுவா இருந்த ஒரே மொழி நாங்க தப்பும் தவறுமாப் பேசின ஜெர்மன். அதனாலேயே பேசினோம். இங்க எனக்குக் கிடைச்ச முதல் தோழி அலெப்போக்காரி. இன்னைக்கு எங்க வீட்டுக் கடிதம், வரி, பிள்ளையோட டீச்சர் எல்லாம் நான்தான் பாக்குறேன்.

#11 ஹம்_யாழ்

தம்பிமார், பிள்ளையள், எல்லாரும் எழுதினதை வாசிச்சனான். நான் 85ல கிழக்கு பெர்லின் வழியா வந்தனான். எங்களை ஒருத்தரும் வேலைக்கெண்டு கூப்பிடேல்லை, உயிர் தப்பி வந்தனாங்கள். வந்த புதிசில வேலை செய்ய விடேல்லை. டொச், அதுதான் ஜேர்மன், படிப்பிக்கவும் ஆளில்லை. இப்ப சொல்லுற அந்த வகுப்பெல்லாம் 2005லதான் வந்தது. பிறகு ரெஸ்ரோறன்ற்றில கோப்பை கழுவினன். அங்க படிச்ச டொச்தான் என்ர டொச். கெதியாக் கொண்டு வா, இதைத் துடை, நாளைக்கு வராதை.

ஒண்டு சொல்லோணும். என்ர மனிசிக்கு வயித்தில கட்டி எண்டு டொக்டரிட்டப் போனம். எனக்குக் கதைக்கத் தெரிஞ்சது அடுப்படி டொச். மகளைக் கூட்டிக்கொண்டு போனன், அவளுக்கு ஒன்பது வயசு. டொக்டர் சொல்லச் சொல்ல அவள் தமிழில சொல்லுறாள். ஒரு இடத்தில நிப்பாட்டிப் போட்டாள். டொக்டர் என்னவோ சொன்னவர், இவள் பேசாமல் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள். "என்னம்மா சொல்லுறார்?" எண்டு நான் அதட்டினன். "அம்மாவுக்கு ஒண்டுமில்லையாம்" எண்டாள். பொய். அந்தச் சொல்லை அவள் தாய்க்குச் சொல்ல விரும்பேல்லை.

மனிசி தப்பிட்டா, முருகன் புண்ணியம். மகளுக்கு இப்ப நாப்பது தாண்டிட்டுது. இண்டைக்கும் ஆஸ்பத்திரி வாசம் பிடிக்காது அவளுக்கு. எங்கட ஆக்கள் இஞ்ச ஹம் நகரத்தில 2002ல காமாட்சி அம்மனுக்குப் பெரிய கோயில் கட்டினாங்கள், தேர் இழுக்கிறம். ஆனால் அந்த நாளில எங்கட பிள்ளையள் தூக்கின பாரத்தை நாங்கள் ஒருத்தரும் கணக்கில எடுக்கேல்லை.

தம்பி கொங்கு, உமக்கு ஆறு வயசுப் பிள்ளை. அவள் உம்மை விடக் கெதியா டொச் கதைப்பாள், ஒரு வருசம் காணும். அதுக்கு முதல் நீங்கள் ரெண்டு பேரும் படியுங்கோ.

#12 பெர்லின்_தமிழன்

ஐயா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் ஒன்றரை வயதில் மகன் இருக்கிறான். வேலையை விடாதீர்கள் என்று நான் சொன்னதில் மாற்றம் இல்லை, ஆனால் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

#13 கொங்கு_கன்ட்ரோல்ஸ்

ரெண்டு பேரும் நாளையிலிருந்து வகுப்புக்குப் போறமுங்க. காலையில ஆறரைக்கு ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஏ1க்கு ஆளைப் பொறுத்து 80லிருந்து 200 பாடவேளை ஆகும்னு வாத்தியாரம்மா சொன்னாங்க. பாப்பாவைத் தூங்க வெச்சுட்டு நானும் வீட்டுக்காரியும் மாத்தி மாத்தி போன் பேசிப் பழகறோம். நான் கிளினிக், அவங்க நோயாளி. இலக்கணம் எப்படிங்க, ரொம்பக் கஷ்டமா?

#14 சர்வோ_சிவம்

டெர், டீ, டாஸ்னு ஒவ்வொரு பொருளுக்கும் பால் இருக்கு. அது மனப்பாடம்தான், வழியே இல்ல. மேசை ஆண், விளக்கு பெண், சிறுமிக்கு அஃறிணை!

ஆனா தமிழனுக்கு மூணு இடத்துல சலுகை இருக்கு. "வைல் இஷ் கிராங்க் பின்"னு (ஏன்னா எனக்கு உடம்பு சரியில்ல) சொல்லும்போது வினை கடைசிக்குப் போயிடும். இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவன் தடுமாறுவான், நமக்கு அது வீட்டுப் பழக்கம். ஸீ, டூ ரெண்டும் நம்ம நீங்க, நீ தான். யாரை எப்போ நீன்னு கூப்பிடலாம்ங்கற தயக்கம்கூட அப்படியே நம்ம தயக்கம். அப்புறம் "டோஹ்"னு ஒரு குட்டி வார்த்தை எல்லா வாக்கியத்துலயும் வந்து உக்காரும். அகராதி பாத்தா குழப்பும். நம்ம "தானே" மாதிரி எடுத்துக்குங்க, பாதி இடத்துல பொருந்திடும்.

இன்னொரு தகவல். ப்ளூ கார்டில் இருப்பவருக்கு நிரந்தரமா தங்கற உரிமை ஏ1 இருந்தா 27 மாசத்துல, பி1 இருந்தா 21 மாசத்துல. பி1க்கு 350லிருந்து 650 பாடவேளைன்னு சொல்றாங்க. குறி அதுக்கு வையுங்க.

#15 கொங்கு_கன்ட்ரோல்ஸ் (ஒரு வருஷம் கழிச்சு)

எல்லாருக்கும் வணக்கமுங்க. இழையைத் தேடிப் புடிச்சு வந்து எழுதறேன்.

வந்து பத்து மாசம் ஆச்சு. நான் ஏ2 முடிச்சிருக்கேன். வீட்டுக்காரி பி1 பரிட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்காங்க. சிவம் அண்ணா, நோட்-ஹால்ட் ரெண்டாவது வாரமே தேவைப்பட்டுதுங்க. கத்தினவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். பட்டனுக்குப் பக்கத்துல நின்னது நான். அழுத்திட்டேன், யாருக்கும் அடி இல்லை.

வீட்டுக் கதவுல ஒரு நாள் யாரோ மரப்பலகை ஒண்ணை மாட்டிட்டுப் போயிட்டாங்க. கேர்வோஹேன்னு எழுதியிருந்துது. இந்த வாரம் மாடிப்படி கூட்டறது எங்க முறையாமுங்க. வீட்டுக்காரி கீழ் வீட்டம்மாகிட்டப் போய் எந்தத் தொடப்பம், எந்தக் கிழமைன்னு கேட்டுட்டு வந்தாங்க. நாப்பது நிமிஷம் கழிச்சு ஒரு தட்டுல கேக்கோட திரும்பி வந்தாங்க.

பாப்பா பள்ளிக்கூடத்துல மொழி தெரியாத குழந்தைகளுக்குன்னு இருக்கற ஆயத்த வகுப்புல ஆரம்பிச்சு இப்ப எல்லாரோடயும் ஒண்ணா உக்காருது. யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன மாதிரி எங்களைத் தாண்டிப் போயிட்டா. போன மாசம் எனக்கு நெஞ்சுல ஒரு மாதிரி படபடப்புன்னு டாக்டரைப் பாக்கப் போனேன். பள்ளிக்கூடம் லீவு, பாப்பாவும் கூட வந்தா. நான் திக்கித் திக்கிச் சொல்றதப் பாத்துட்டு டாக்டரம்மா பாப்பா பக்கம் திரும்பி, அப்பாவுக்கு என்னன்னு நீ சொல்றயான்னு அன்பாத்தான் கேட்டாங்க. பாப்பா வாயைத் திறந்துட்டா.

நான் "நைன் (வேண்டாம்), நானே சொல்றேன்"னு ஜெர்மன்ல சொன்னேனுங்க. பாப்பாவை வெளிய பொம்மை வெச்சிருக்கற மூலைக்கு அனுப்பிட்டு, எப்ப ஆரம்பிச்சுது, எங்க, எவ்வளவு நேரம்னு சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆச்சு. டாக்டரம்மா ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பாக்கல. ஈசிஜி எடுத்தாங்க, ஒண்ணுமில்லைங்க, தூக்கம் பத்தலையாம்.

ஐயா, வர்ற தேர்த் திருவிழாவுக்கு நாங்க மூணு பேரும் ஹம் வரோம். உங்களைப் பாக்கணுமுங்க.

#16 ஹம்_யாழ்

வாங்கோ தம்பி. மகளும் அண்டைக்கு வாறாள். சாப்பாடு எங்கட வீட்டில.